நதிக்கு வழிவிடும் நகரம்

பீட்டர்ஸ்பர்க்குக்குப் போகிறவர்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது பாலங்கள் தூக்கப்படும் நேரத்தை. அரண்மனைகள் எங்கும் போய்விடாது. ஏப்ரல் கடைசியிலிருந்து நவம்பர்வரை, நேவா உறையாமல் ஓடும் மாதங்களில், இரவு ஒரு மணிக்கு மேல் நதியின் பெரிய பாலங்கள் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. பால்டிக் கடலிலிருந்து லடோகா ஏரிக்கும், அங்கிருந்து வோல்காவுக்கும் போகிற சரக்குக் கப்பல்கள் வரிசையாகக் கடந்து போகின்றன. விடியற்காலை ஐந்து மணிவாக்கில் பாலங்கள் மறுபடி படியும். அதுவரை தென்கரையில் இருப்பவர் தென்கரையில், வாசிலியெவ்ஸ்கி தீவில் இருப்பவர் தீவில். மெட்ரோவும் நள்ளிரவையொட்டி நின்றிருக்கும். கிழக்கே 2004இல் திறந்த பெரிய ஒபுகோவ் பாலத்தையும் மேற்கே கடலோரமாகப் போகும் சுங்கச்சாலையையும் தூக்க வேண்டியதில்லை; டாக்ஸி பிடித்து அந்த வழியாகச் சுற்றிப் போகலாம். தூரமும் காசும் அதிகம்.

கையேடுகள் இதைப் படகில் உட்கார்ந்து ரசிக்க வேண்டிய காட்சியாக எழுதுகின்றன. ரசிக்க வேண்டியதுதான். திரோயித்ஸ்கி பாலத்தின் ஒரு துண்டு, விளக்குக் கம்பங்களும் டிராம் தண்டவாளமும் ஒட்டியிருக்க, அப்படியே நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பது சாதாரணக் காட்சியல்ல. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது மணி பார்த்துக் கிளம்புகிற விஷயம். நண்பர் வீட்டில் பேச்சு சூடுபிடித்திருக்கும்போது ஒருவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டால், அவர் வீடு அக்கரையில் இருக்கிறது என்று அர்த்தம். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர், கோடை முழுக்க இரவுதோறும் இரண்டாகப் பிரிந்து நதிக்கு வழிவிடுகிறது.

வழிவிடும் எண்ணம் அந்த ஊரை உண்டாக்கியவருக்கு இருந்ததில்லை. 1703 மே மாதம், ஸ்வீடனிடமிருந்து பிடித்த சதுப்பு நிலத்தில், முயல் தீவு என்ற சின்னஞ்சிறு தீவில் முதலாம் பீட்டர் கோட்டைக்கு அடித்தளம் போட்டார். கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட குடியானவர்களும் போர்க்கைதிகளும் சேற்றில் மரத்தூண்களை இறக்கினார்கள். குளிரிலும் நோயிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தெருக்கள் நேர்கோட்டில் போக வேண்டும் என்பது கட்டளை. நேவாவுக்குக் குறுக்கே பாலம் கட்ட பீட்டர் விரும்பவில்லை. தன் குடிமக்கள் பாய்மரம் ஓட்டப் பழக வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் நிரந்தரப் பாலம் 1850இல்தான் வந்தது. அதற்கு முன்னால் படகுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவைப் பாலங்கள். பனிப்பாளங்கள் மிதந்து வரும் நாட்களில் அவற்றையும் கழற்றிவிடுவார்கள். அப்போது இக்கரைக்காரர் அக்கரையை மறந்துவிட வேண்டியதுதான். நதி முழுக்க இறுகிவிட்டால் கவலையில்லை, அதன் மேலேயே பாதை. 1895 குளிர்காலத்தில் உறைந்த நேவாவின் மீது தண்டவாளம் போட்டு மின்சார டிராம் ஓட்டினார்கள். தெருக்களில் ஓட்டும் உரிமை குதிரை டிராம்காரர்கள் கையில் இருந்ததால், மின்சாரத்துக்குக் கிடைத்த இடம் நதி மட்டும்தான். தெருவுக்கு மின்சார டிராம் வந்தது 1907இல்.

இந்த ஊரில் எங்கிருந்து எங்கே போனாலும் இந்த இழுபறி காலடியில் இருக்கிறது. அதிகாரம் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு ஒரு பக்கம். தண்ணீர், சேறு, பனி, இருள் மறுபக்கம். நடுவே சனங்கள் பழகி எடுத்துக்கொண்ட வழிகள். அந்த வழிகளில் போய்வருவதைத்தான் நான் இங்கே பயணம் என்று சொல்வேன். அரண்மனை வாசலில் பேருந்திலிருந்து இறங்கி, அடுத்த அரண்மனை வாசலுக்கு அதே பேருந்தில் ஏறிப் போகிறவருக்கு இந்த ஊர் கிடைக்காது.

மெட்ரோவில் இறங்கும்போது இந்த இழுபறி உடம்புக்கே தெரிந்துவிடும். நகரும் படிக்கட்டில் கால் வைத்தால் அதன் அடி கண்ணுக்குப் படாது. மேல்மண் தண்ணீர் ஊறிய மணலும் சேறும் என்பதால் சுரங்கம் தங்காது. அதற்கும் கீழே, 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேம்பிரியக் காலத்துக் களிமண் இறுகிக் கிடக்கிறது. ரயிலுக்கு இடம் அங்கேதான். 2011 கடைசியில் திறந்த அத்மிரல்தேய்ஸ்கயா நிலையம் 86 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இறங்கிச் சேரும்வரையிலான நிமிடங்களைச் சனங்கள் வீணாக்குவதில்லை. வலப்பக்கம் ஒதுங்கி நின்று புத்தகத்தை விரிக்கிறார்கள். காதலர்கள் ஒரு படி மேலும் கீழுமாக நின்று உயரத்தைச் சமன் செய்துகொண்டு முகம் பார்த்துப் பேசுகிறார்கள். அவசரக்காரர்களுக்கு இடப்பக்கத்தை விட்டுவைக்க வேண்டும். கீழே கண்ணாடிக் கூண்டில் சீருடையோடு ஒரு பெண்மணி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் வழி கேட்க முடியாது. விசாரணைக்குப் பதில் இல்லை என்று கூண்டிலேயே எழுதியிருக்கும். ஏதாவது அசம்பாவிதம் என்றால் படிக்கட்டை நிறுத்த வேண்டியவர் அவர். அந்த ஆழத்தில் நிற்கும்போது அவருடைய மௌனத்தின் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

புதியவர்களுக்கு இரண்டு விஷயம் குழப்பும். ஒன்று, வழித்தடம் மாறும் இடத்தில் நிலையத்தின் பெயரும் மாறும். நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் நிலையத்தில் இறங்கி உள்ளேயே நடந்தால் கஸ்தீனி துவோர் நிலையத்தில் இருப்போம். சென்னயா சதுக்கத்தில் ஒரே சந்திப்புக்கு மூன்று பெயர். இரண்டாவது, சில நிலையங்களில் நடைமேடையில் தண்டவாளமே தெரியாது. இரண்டு பக்கமும் சுவர். சுவரில் இரும்புக் கதவுகள். ரயில் வந்து நின்றதும் கதவு திறக்கும், உள்ளே பெட்டி வெளிச்சத்தோடு நிற்கும். 1960களில் கட்டிய நிலையங்களில் இந்த அமைப்பைப் பார்க்கலாம். தெக்னலகீச்செஸ்கி இன்ஸ்டிட்யூட் நிலையத்தில் மட்டும் நிம்மதி: ஒரே நடைமேடையின் எதிர்ப்பக்கம் போனால் அடுத்த தடத்து ரயில்.

இத்தனை ஆழத்திலும் மண் முழுக்க அடங்கிவிடவில்லை. 1995 டிசம்பரில், ஊரின் வடக்கே லெஸ்னயாவுக்கும் பிளோஷ்சத் முழெஸ்த்வாவுக்கும் நடுவில், பழங்காலத்து ஆற்றுப்படுகை ஒன்றின் ஈரமணல் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு வந்தது. 1970களில் அந்தத் தடத்தைத் தோண்டும்போதே அதே மணல் ஒருமுறை புகுந்து எச்சரித்திருந்தது. தடம் இரண்டாக அறுந்தது. 2004இல் வேறு பாதையில் புதிய சுரங்கம் தோண்டித் திறக்கும்வரை, வடக்குப் பகுதியில் குடியிருந்தவர்கள் ஒரு நிலையத்தில் ஏறி வந்து, தெருவில் இலவசப் பேருந்து பிடித்து, மறுபடி அடுத்த நிலையத்தில் இறங்கி வேலைக்குப் போனார்கள். இன்று அந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே ரயிலில் போகும்போது எதுவும் தெரிவதில்லை.

மேலே வந்தால் நடப்பதுதான் நல்லது. ஊர் தட்டையானது. நெவ்ஸ்கி, கொரோகவயா, வஸ்னெசென்ஸ்கி என்ற மூன்று நீண்ட சாலைகளும் கடற்படைத் தலைமையகமான அத்மிரால்தியின் பொற்கூம்பை நோக்கியே வந்து சேர்கின்றன. அது எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டால் மையத்தில் வழி தவறாது. கூம்பிலிருந்து வெளியே நடந்தால் முதலில் மோய்க்கா, அடுத்து கிரிபயேதவ் கால்வாய், பிறகு ஃபந்தான்கா என்று நீர்வழிகள் குறுக்கே வரும். குளிர்கால அரண்மனையைவிட உயரமாகத் தனியார் வீடு எழும்பக் கூடாது என்று 1844இல் முதலாம் நிக்கலாய் ஆணை போட்டதால், பழைய ஊரின் கூரைகள் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. மேலே போக முடியாத வீடுகள் உள்ளே உள்ளே போயின. தெருவுக்கு அழகான முகத்தைக் காட்டும் கட்டடத்தின் வளைவுக்குள் நுழைந்தால் ஒரு முற்றம், அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம், அதையும் தாண்டினால் நான்கு பக்கமும் ஜன்னல்கள் அடர்ந்து மேலே சதுரமாகக் கொஞ்சம் வானம் மட்டும் தெரிகிற இடுக்கு. கிணற்று முற்றம் என்றே அங்கே சொல்கிறார்கள். பல வளைவுகளில் இப்போது பூட்டுக் கதவு. திறந்திருந்தாலும் அது பிறர் வீட்டு வாசல் என்ற எண்ணத்தோடு, கேமராவை உள்ளே வைத்துக்கொண்டு நுழைய வேண்டும். ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் சோவியத் காலக் கூட்டுக் குடியிருப்புகள் அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இன்னும் இருக்கின்றன.

வாசிலியெவ்ஸ்கி தீவில் முகவரி தேடுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பல தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். அதுவும் தெருவின் இரண்டு ஓரங்களுக்கும் தனித்தனி எண். ஒரு பக்கம் நின்றால் ஆறாம் வரிசை, எதிர்ப்பக்கம் போனால் ஏழாம் வரிசை. தீவு முழுக்கக் கால்வாய்கள் வெட்டி, ஒவ்வொரு கரைக்கும் ஓர் எண் கொடுப்பது பழைய திட்டம். கால்வாய்கள் கைகூடவில்லை, கரைகளின் கணக்கு மட்டும் நின்றுவிட்டது.

எந்த மாதம் போவது என்று கேட்டால், ஜூன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஊர் 60 பாகை வடக்கு அட்சத்தை ஒட்டி இருக்கிறது. ஜூன் மூன்றாம் வாரத்தில் இரவு பத்தரை மணிவாக்கில் மறையும் சூரியன் மூன்றரை மணிக்கெல்லாம் திரும்பிவிடும். இடையில் வானம் முழுக்க இருட்டுவதில்லை. கூட்டமும் விலையும் அப்போதுதான் உச்சம். நவம்பரையும் டிசம்பரையும் நான் சொல்வேன். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்கூட இராது. அந்த இருட்டையும் ஈரத்தையும் ஒருமுறை தோலில் வாங்கிக்கொண்டவருக்குத்தான், வெளிச்சமான இரவுகளில் அந்த ஊர்க்காரர்கள் ஏன் தூங்காமல் கரையோரம் அலைகிறார்கள் என்பது விளங்கும். குளிர்காலத்தில் நடைபாதையில் சிவப்பு வெள்ளைப் பட்டை கட்டியிருந்தால் அதற்குள் போகக் கூடாது. கூரையிலிருந்து ஈட்டிபோல் தொங்கும் பனிக்கூம்புகளால் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்கள் பலருக்கு இந்த ஊர் ஏற்கெனவே பழக்கமானது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் சொற்ப விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. தஸ்தயெவ்ஸ்கியின் ‘வெண்ணிற இரவுகள்’ நமக்குள் அத்தனை ஆழமாக இறங்கியிருந்ததால்தான் 2003இல் எஸ்.பி. ஜனநாதன் அதைத் தழுவி ‘இயற்கை’யை எடுக்க முடிந்தது, பீட்டர்ஸ்பர்க் கால்வாய்க் கரையின் காத்திருப்பு நம் கடற்கரைக்கு இயல்பாக வந்து சேர்ந்தது. அப்படிப் படித்துவிட்டுப் போகிறவர் சென்னயா சதுக்கத்தில் இறங்கியதும் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் ரஸ்கோல்னிகவ் வாழ்ந்த வீட்டைத் தேடுவார். கிரஷ்தான்ஸ்கயா தெருவின் 19ஆம் எண் கட்டடத்தை அதுவென்று காட்டுகிறார்கள். மூலையில் தஸ்தயெவ்ஸ்கியின் சிற்பமும் இருக்கிறது. அந்த நாவலை எழுதிய காலத்தில் அவர் குடியிருந்த வீடு பக்கத்துத் தெருவில். கடைசியாக வாழ்ந்து 1881இல் இறந்த வீடு குஸ்னேச்னி சந்தில், விளாதிமிர்ஸ்கயா மெட்ரோவின் அருகே, அருங்காட்சியகமாக இருக்கிறது. ‘கரமசோவ் சகோதரர்கள்’ அங்கே எழுதப்பட்டது.

இந்த முகவரிகளை ஒவ்வொன்றாக டிக் போடுவதைவிட, ஜூலை மாதப் புழுக்கத்தில் சென்னயாவிலிருந்து கிரிபயேதவ் கால்வாயின் வளைவுகளோடு சும்மா நடப்பது மேல். ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் உலகம் எவ்வளவு சிறியது என்பது கால்களுக்குத் தெரிய வரும். கொலை, குடி, அடகு, விசாரணை எல்லாமே கூப்பிடு தூரத்தில் நடந்திருக்கின்றன. பீட்டரின் நேர்கோடுகள் அந்தப் பக்கம் எட்டவில்லை. கால்வாய் கோணிக்கொண்டு போகிறது, தெருக்களும் அதன் பின்னே கோணுகின்றன. எழுத்தாளரும் அந்தக் கோணலில்தான் குடியிருந்தார்.

யாரும் அழைத்துப் போகாத ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். வீதெப்ஸ்கி ரயில் நிலையத்தின் பக்கம், புஷ்கின்ஸ்கயா மெட்ரோவிலிருந்து கொஞ்ச தூரத்தில், பியனேர்ஸ்கயா சதுக்கம் என்ற திறந்தவெளி. ஒரு காலத்தில் செம்யோனவ்ஸ்கி படையின் அணிவகுப்பு மைதானம். 1849 டிசம்பரில், 28 வயது தஸ்தயெவ்ஸ்கியையும் அவர் தோழர்களையும் இங்கே பனியில் நிறுத்தி, மரண தண்டனையை வாசித்து, முதல் மூவரைக் கம்பத்தில் கட்டி, துப்பாக்கிகளைக் குறிபார்க்க வைத்துவிட்டு, ஜாரின் கருணை என்று சொல்லித் தண்டனையைச் சைபீரியக் கடுங்காவலாக மாற்றினார்கள். எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்த நாடகம். அந்த மைதானத்தில் இப்போது சிறுவர்களுக்கான நாடக அரங்கு இருக்கிறது. பிள்ளைகள் கம்பளித் தொப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள். அந்தத் தண்டனை நாடகத்துக்கு 12 ஆண்டு முன்பு, 1837இல், ரஷ்யாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறந்ததும் இந்தப் பக்கத்திலிருந்துதான்.

இனி டிராம். மூன்றாம் எண் டிராம் சதோவயா தெருவோடு வந்து, சென்னயாவைத் தொட்டு, மார்ஸ் திடலைக் கடந்து, திரோயித்ஸ்கி பாலத்தின் மேலேறி, ஃபின்லாந்து ரயில் நிலையத்துக்குப் போகிறது. எந்தச் சுற்றுலாப் பேருந்தையும்விட நல்ல வழித்தடம் அது. அதில் உட்காரும்போது இந்த ஊரில் டிராம் என்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.

1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள், ஜெர்மன் படைகள் இந்த ஊரை முற்றுகையிட்டிருந்தன. அப்போது பெயர் லெனின்கிராட். பிடிப்பதைவிடப் பட்டினி போட்டுக் கொல்வதே திட்டம். 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை குழந்தைகள், முதியோர், அலுவலகப் பணியாளர் எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் மாவு பாதி, மற்றது கலப்படம். டிசம்பரில் எரிபொருள் தீர்ந்து மின்சாரம் போனது. டிராம்கள் போகிற வழியிலேயே நின்றன. மேலே பனி மூடி, வசந்தம்வரை அப்படியே நின்றன. ஊர் முழுக்க நடை. வேலைக்கு நடை, ரொட்டி வரிசைக்கு நடை, நேவாவின் பனியில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டுவர நடை. இறந்தவர்களைக் குழந்தைகளின் சறுக்குவண்டியில் வைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தார்கள். தெருவில் உட்கார்ந்தவர்கள் பலர் எழுந்திருக்கவில்லை.

1942 மார்ச் கடைசியில், நிற்கவே தெம்பில்லாத மனிதர்கள் லட்சக்கணக்கில் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த பனியும் கழிவும் பிணங்களும் வெயிலில் இளகினால் கொள்ளைநோய் மிஞ்சியவர்களையும் கொண்டுபோய்விடும். அவர்கள் வெட்டி எடுத்த பனிக்கு அடியில் தண்டவாளங்கள் இருந்தன. ஏப்ரல் 15 அன்று பயணிகள் டிராம் மறுபடி ஓடியது. மணிச்சத்தம் கேட்டுத் தெருவில் நின்று அழுததை அன்றைக்கு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரின் தென்மேற்கே ஸ்தாச்செக் சாலையில், போர்முனை சில கிலோமீட்டரே தள்ளியிருந்த இடத்தில், பழைய டிராம் பெட்டி ஒன்றை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். சிப்பாய்கள் டிராமில் போர்முனைக்குப் போன ஊர் அது. அவ்தொவா மெட்ரோவில் இறங்கினால் போய்ப் பார்க்கலாம். அந்த நிலையத்திலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1955 நவம்பரில் முதல் தடத்தோடு திறந்தது. 1941இல் தொடங்கிய சுரங்க வேலையைப் போர் நிறுத்திவைத்திருந்தது. அதன் 46 தூண்களில் 16க்கு, உள்ளேயிருந்து ஒளிர்வதுபோல் செதுக்கிய கண்ணாடிப் போர்வை, மற்றவை பளிங்கு. ஊரைக் காத்தவர்களுக்கான காணிக்கையாக அந்த நிலையத்தை எழுப்பினார்கள்.

நெவ்ஸ்கி சாலையின் 14ஆம் எண் கட்டடம் ஒரு பள்ளிக்கூடம். சுவரில் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து: குண்டுவீச்சின்போது தெருவின் இந்தப் பக்கம் அதிக ஆபத்தானது என்ற எச்சரிக்கை. பீரங்கிகள் தெற்கே இருந்ததால் வடக்கு ஓரம்தான் அடிவாங்கியது. வெயில் விழும் ஓரமும் அதுதான். இப்போதும் சனங்கள் அந்த ஓரத்தில் நடக்க விரும்புகிறார்கள். அந்த எச்சரிக்கையின் கீழே பூக்கள் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குப் போகும் முன்னால் பிஸ்கர்யோவ்ஸ்கயே கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள் என்பது என் வேண்டுகோள். பிளோஷ்சத் முழெஸ்த்வாவில் இறங்கி, அங்கிருந்து பேருந்து. ஏறக்குறைய 4,20,000 பொதுமக்களும் 70,000 படைவீரர்களும் அங்கே கிடக்கிறார்கள். நீண்ட புல்மேடுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கருங்கல்லில் ஆண்டு மட்டும் பொறித்திருக்கிறது: 1942, 1942, 1942. பொதுமக்களுக்கு அரிவாள் சுத்தியல், வீரர்களுக்கு நட்சத்திரம். பெயர் கிடையாது. சிலர் மேட்டின்மேல் ஒரு துண்டு ரொட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஹெர்மிடாஜின் ரெம்பிராண்ட் அறைக்குப் போகிறவர், அந்தச் சட்டங்கள் ஓவியங்கள் இல்லாமல் வெறுமையாகத் தொங்கிய முற்றுகைக் காலத்தையும் சேர்த்தே பார்ப்பார்.

நினைவு வைத்துக்கொள்வதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. சல்யனோய் சந்தில் 1946இல் திறந்த முற்றுகை அருங்காட்சியகத்தை 1949இல் ஸ்டாலின் அரசு மூடியது. லெனின்கிராட் தன் துயரத்தையும் பெருமையையும் தனியாகச் சொல்லிக்கொள்வது மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. பொருட்கள் சிதறின. 1989இல்தான் மறுபடி திறந்தது.

இதை எழுதும்போது உக்ரைனை எண்ணாமல் இருக்க முடியாது. 2022 பிப்ரவரியில் ரஷ்ய அரசு அந்நாட்டின்மீது படையெடுத்தது. முற்றுகையில் பிழைத்த ஊரின் பெயரைச் சொல்லியே புதிய முற்றுகைகளுக்கு நியாயம் தேடுகிறார்கள். 1945இல் பிறந்த பீட்டர்ஸ்பர்க் ஓவியர் யெலெனா ஒசிபோவா, போரை எதிர்த்துத் தன் கையால் வரைந்த தட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார். போலீசார் இரண்டு பக்கமும் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே போவது சரியா என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தன் மனசாட்சியிடம்தான் கேட்க வேண்டும். போகிறவர் அரசின் விளம்பரத்துக்குத் தலையாட்டாமல், ஊராரின் விருந்தாளியாகப் போகலாம் என்பது என் நிலை. போரைப் பற்றி அவர்கள் வாயைக் கிளறக் கூடாது. 2022 மார்ச்சில் வந்த சட்டத்தால் ஒரு வாக்கியத்துக்காகச் சிறை போனவர்கள் இருக்கிறார்கள்; நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். அவர்களாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து மின்-விசா கிடைக்கிறது. வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து அங்கே வேலை செய்யாது. ரொக்கம் கொண்டுபோய் வங்கியில் மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு ஸ்தலோவயா என்ற உணவுக்கூடங்கள் போதும்: தட்டை ஏந்தி வரிசையில் போய், கண்ணால் பார்த்துக் கையால் காட்டி வாங்கலாம், மொழி தேவையில்லை. பால்ஷயா கன்யூஷென்னயா தெருவில் 1958 முதல் இருக்கும் ஒரு கடையில், எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைத் தூள் தூவிய பீஷ்கியைப் பால் கலந்த இனிப்புக் காப்பியோடு கொடுப்பார்கள். பீட்டர்ஹாஃபின் நீரூற்றுகளையும் மரீன்ஸ்கி அரங்கையும் பற்றி எல்லாக் கையேடுகளும் நிறையவே சொல்லும்.

ஒரு நாளை மட்டும் குன்ஸ்ட்கமெராவுக்கு ஒதுக்க வேண்டும். வாசிலியெவ்ஸ்கி தீவின் கரையில், அரண்மனைப் பாலத்தைத் தாண்டியதும் கோபுரத்தோடு தெரிகிற நீலக் கட்டடம். 1714இல் பீட்டர் தொடங்கிய ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகம். அவர் சேர்த்த குறைப்பிறவிகளின் பாட்டில்களைப் பார்க்கத்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. நாம் போக வேண்டியது தெற்காசியப் பக்கம். அலெக்சாந்தர் மெர்வார்த், அவர் மனைவி லியூத்மீலா என்ற இருவரை இந்த அருங்காட்சியகம் 1914இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. போய்ச் சேர்ந்த வேளையில் உலகப் போர் மூண்டது. நான்கு ஆண்டு ஊர் ஊராக அலைந்து பொருட்களைச் சேர்த்தார்கள், மொழிகளைக் கற்றார்கள். 1918இல் ஊர் திரும்பக் கிளம்பியபோது நாட்டில் புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. விளாதிவஸ்தோக்கில் இறங்கியவர்கள் சில ஆண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்து, அதன் பிறகுதான் நேவாக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். ஊரின் பெயரும் அதற்குள் மாறிக்கொண்டிருந்தது: போகும்போது பீட்டர்ஸ்பர்க், அந்த ஆண்டே பெட்ரோகிராட், 1924இல் லெனின்கிராட்.

மெர்வார்த் அங்கே தமிழ் கற்பித்தார். 1929இல் பேச்சுத் தமிழுக்கான இலக்கணம் ஒன்றை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். ஏட்டுத் தமிழை மட்டுமே இலக்கணமாக எண்ணிய காலத்தில், கடைத்தெருவிலும் வீட்டுத் திண்ணையிலும் கேட்ட தமிழை அவர் எழுதிவைத்தார். மறு ஆண்டு, கல்வியாளர்கள்மீது ஜோடித்த வழக்கில் அவரைக் கைது செய்தார்கள். 1932இல் வதைமுகாமில் இறந்தார். லியூத்மீலா 1965வரை வாழ்ந்து ஆய்வைத் தொடர்ந்தார். நாம் அவர்களைப் பற்றி எழுதியதும் பேசியதும் மிகக் குறைவு. அந்த இலக்கணத்தை யாராவது தமிழில் கொண்டுவர வேண்டும் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரஷ்ய மொழி தெரிந்த தமிழ் மாணவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பக்கம் போனால் தெற்காசியக் கூடத்தில் நின்று, அங்கே வேலை செய்கிறவர்களிடம் மெர்வார்த்களைப் பற்றி விசாரிக்கட்டும். திங்கட்கிழமை விடுமுறை.